கல்யாணம் ஆனதும் பழைய உயில் என்ன ஆகும்?

கேள்வி: திருமணத்துக்கு முன்பே உயில் எழுதி வைத்தேன். என் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு அம்மாவுக்கு, "மற்ற சொத்துகள் யாவும்" தம்பிக்கு. பிஎஃபிலும் தம்பிதான் நாமினி. அப்பா இல்லை, அம்மாவுக்குத் தனியாக ஓய்வூதியம் வருகிறது. இப்போது திருமணமாகி ஆறு மாதம். நானும் கணவரும் இந்துக்கள். "கல்யாணம் ஆனாலே பழைய உயில் செல்லாது" என்கிறாள் தோழி. அப்படியா?

பதில்: உங்கள் தோழி கிறிஸ்தவராக இருந்தால், அவர் வரைக்கும் அது சரி. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 69ஆவது பிரிவின்படி, உயில் எழுதியவர் பிறகு திருமணம் செய்துகொண்டால் அந்த உயில் ரத்து. ஆனால் இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர் எழுதும் உயில்கள் திருமணத்தால் ரத்தாகாது என்று அதே சட்டத்தின் 57ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே உங்கள் உயில் உயிரோடுதான் இருக்கிறது.

சிக்கலே அதுதான். எழுதிய நாளில் இருந்த சொத்தோடு உயில் நிற்பதில்லை; நீங்கள் இறக்கும் நாளில் உங்கள் பெயரில் என்னவெல்லாம் இருக்கிறதோ அத்தனைக்கும் பொருந்தும். நாளைக்கு நீங்களும் கணவரும் சேர்ந்து கடன் வாங்கி ஒரு வீடு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அதில் உங்கள் பாதி, "மற்ற சொத்துகள் யாவும்" என்ற அந்த ஒரு வரிக்குள் போய் விழும். கணவர் தவணை கட்டிக்கொண்டிருப்பார், மைத்துனர் பங்குதாரராக வந்து நிற்பார். குழந்தை பிறந்தாலும் உயில் தானாக மாறாது.

அப்படியானால் கிழித்துப் போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள். உயில் இல்லாவிட்டால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 15ஆவது பிரிவு வந்துவிடும். குழந்தை இல்லாத மனைவி இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்தது முழுக்கக் கணவருக்கு. கணவரும் இல்லையென்றால் கணவருடைய வாரிசுகளுக்கு. பெற்ற தாயின் முறை அதற்குப் பிறகுதான். (ஆண் இறந்தால் மட்டும் தாய்க்கும் மனைவிக்கும் சம பங்கு. இதில் என்ன நியாயமோ!) 2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், திருமணமான மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்துபோனார். புகுந்த வீட்டார் விரட்டிவிட்டார்கள். பிறந்த வீட்டின் தயவில் படித்து, வேலைக்குப் போய், சொத்து சேர்த்தார் அந்தப் பெண். உயில் எழுதாமல் 1996இல் இறந்தார். சொத்து அவருடைய தாய் வழிக்கு வரவில்லை, கணவரின் சகோதரி மகன்களுக்குத்தான் போனது.

எனவே புது உயில் கையில் வரும்வரை பழையது இருக்கட்டும். புதியதில் "இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்" என்ற வரி கட்டாயம் வேண்டும். வீடு அம்மாவுக்கே என்றால் அப்படியே எழுதுங்கள். உங்கள் சம்பாத்தியம், யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் இஷ்டம். அம்மா உங்களுக்கு முன் காலமானால் அது யாருக்கு என்பதையும், பிறக்கப்போகும் குழந்தையையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள் என்பேன்.

அப்புறம் பிஎஃப். இங்கே கதை தலைகீழ். திருமணத்தால் உயில் சாகவில்லை, ஆனால் நாமினேஷன் செத்துவிட்டது. குடும்பம் இல்லாத நிலையில் செய்த நாமினேஷன், பிறகு குடும்பம் ஏற்பட்டால் அக்கணமே செல்லாததாகிவிடும் என்பது பிஎஃப் விதி. கணவர் அந்தக் குடும்பத்தில் வருவார், தம்பி வரமாட்டார். உங்களைச் சார்ந்து வாழாத அம்மாவும் வரமாட்டார். கிராஜுவிட்டிக்கும் ஏறக்குறைய இதேதான். இரண்டையும் இந்த வாரமே மாற்றுங்கள்; பிஎஃபுக்கு இணையத்திலேயே முடிந்துவிடும்.

வங்கியில் தம்பி பெயர் இருந்தால் அது இன்னும் செல்லும். ஆனால் அங்கே நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான். அது யாருக்குச் சேரும் என்பதை உங்கள் உயில்தான் தீர்மானிக்கும்.