1933 விஸ்கி பாட்டில்: முத்திரை சொல்வது ஒன்று, கண்ணாடி சொல்வது வேறு

கேள்வி: அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஒரு பழைய வீடு வாங்கினோம். நிலவறை அலமாரியில், திறக்காத பைன்ட் (சுமார் அரை லிட்டர்) விஸ்கி பாட்டில் ஒன்று கிடைத்தது. கழுத்தில் ஒட்டிய வரி முத்திரையில், வடித்தது 1917 வசந்தம், பாட்டிலில் அடைத்தது 1933 இலையுதிர் காலம் என்று இருக்கிறது. மதுவிலக்கு நீங்கியதோ 1933 டிசம்பர் 5. அதற்கு முன்பே எப்படி அடைத்தார்கள்? பாட்டிலின் மேல் ‘ஃபெடரல் லா ஃபர்பிட்ஸ்’ என்று தொடங்கும் வரியும் பொறித்திருக்கிறது. அசலா, போலியா?

பதில்: சந்தேகம் நியாயமானதுதான், ஆனால் இடம் மாறிவிட்டது. அந்தத் தேதிகளில் கோளாறு இல்லை.

மதுவிலக்குக் காலத்திலும் விஸ்கிக்கு ஒரு சட்டபூர்வமான வாசல் திறந்தே இருந்தது: மருந்துக்கடை. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் பத்து நாளைக்கு ஒரு பைன்ட் வாங்கலாம். என்ன நோய் என்று யாரும் தோண்டிக் கேட்டதாகத் தெரியவில்லை! இதை விற்க ஆறு நிறுவனங்கள் உரிமம் வைத்திருந்தன. 1917 வசந்தமும் பொருந்துகிறது. போர்க்காலத்தில் தானியத்தை மிச்சப்படுத்த, அந்த ஆண்டு செப்டம்பரில் குடிப்பதற்கான சாராயம் வடிப்பதையே அரசு நிறுத்தியது. அதற்குச் சற்று முன் பீப்பாய்க்குள் போன சரக்கு உங்களுடையது.

அந்த மாதிரிச் சரக்குக்கு 1933-இல் எவ்வளவு மதிப்பு என்றால், தொழிலே அதைச் சுற்றித்தான் ஓடியது. பிப்ரவரியில் அமெரிக்க காங்கிரஸ் மதுவிலக்கை நீக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை மாநிலங்களுக்கு அனுப்பியதுமே முடிவு தெரிந்துவிட்டது. பீர்க்காரர்களுக்குக் கவலையில்லை, சில வாரங்களில் காய்ச்சிவிடலாம். ஏப்ரல் 7 முதலே 3.2 சதவீத பீர் விற்பனைக்கு வந்துவிட்டது. விஸ்கிக்காரர் பாடுதான் திண்டாட்டம். பணம் இருந்தால் ஆலையை எழுப்பலாம். ஜிம் பீம் எழுபது வயதை ஒட்டிய நிலையில் கென்டக்கியில் புதிய ஆலை கட்டினார். ஆனால் விஸ்கி பீப்பாயில் முதிர வேண்டும்; அன்று வடித்தது நான்கு வயதாக 1937 ஆகிவிடும். கிடங்கில் இருந்ததோ வற்றிக்கொண்டே வந்தது. மருந்துக்குக்கூடப் போதாது என்றுதான் 1929-இல் அளவோடு வடிக்க அனுமதித்தார்கள். பதினாறு வருடம் மரத்துக்குள் கிடந்த பீப்பாயில் பெரும்பகுதி ஆவியாகப் போயிருக்கும். மிச்சம் இருப்பதில் மர வாடை தூக்கலாக அடிக்கும்.

ஆகவே எல்லோரும் கிடங்கு ரசீதுகளைத் தேடி ஓடினார்கள். பீப்பாய் கிடங்கிலேயே இருக்கும், ரசீது மட்டும் கை மாறும். நேஷனல் டிஸ்டில்லர்ஸ் தன் பங்குதாரர்களுக்கு விஸ்கியையே டிவிடெண்டாக அறிவித்த காலம் அது. எல்லைக்கு அப்பால் கனடாவில் சீக்ரம்ஸ் நிறுவனத்தின் சாமுவேல் பிரான்ஃப்மன் பழைய சரக்கைச் சேர்த்துவைத்துக் காத்திருந்தார். ஜோசப் கென்னடி (பின்னாளில் ஜனாதிபதியான ஜான் கென்னடியின் அப்பா) செப்டம்பரில் லண்டன் போய் டூவர்ஸ், ஹெய்க் விஸ்கிகளின் ஏஜென்சியைப் பிடித்தார். விலக்கு நீங்கிய பிறகும் பழையதை அப்படியே விற்கக் கட்டுப்படியாகவில்லை. நடுநிலைச் சாராயத்தோடு (தனி மணமோ சுவையோ இல்லாத சாராயம்) கலந்து நீட்டினார்கள். 1934-இல் வந்த சீக்ரம்ஸின் செவன் கிரவுன் விஸ்கி அந்த வகைதான்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். நீங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் சொன்ன அந்த வரிதான் சிக்கல். ‘இந்தப் பாட்டிலை விற்பதும் மறுபடி பயன்படுத்துவதும் சட்டப்படி தடை’ என்று பொருள்படும் அது, 1935 முதல் 1964 வரைதான் கட்டாயமாக இருந்தது. பழைய பாட்டிலில் கள்ளச் சரக்கை ஊற்றி விற்பதைத் தடுக்கவே கொண்டுவந்தார்கள். 1933-இல் அடைத்த பாட்டிலில் அது இருக்க வாய்ப்பே இல்லை.

இரண்டில் ஒன்றுதான். ஒன்று, பழைய முத்திரையை எவரோ புது பாட்டிலுக்கு மாற்றியிருக்கிறார். அல்லது நீங்கள் 1933 என்று படித்தது உண்மையில் 1935. மங்கிய முத்திரையில் 3-ம் 5-ம் ஒன்று போலத்தான் தெரியும். பூதக்கண்ணாடி வைத்து அந்தக் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். அப்புறம் பாட்டிலைச் சாய்க்காமல் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சின்ன எண்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலும் கண்ணாடி வார்த்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். 34 அல்லது 35 என்றால் நல்ல சேதி. 40-களின் எண் என்றால் முத்திரை ஒட்டு வேலை. மூடியின் மேல் முத்திரை மடியும் இடத்தில் கிழிசலோ புதுப் பசையோ தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அதுவரை திறக்க வேண்டாம். விற்பதானால், கென்டக்கியில் 2018 முதல் உரிமம் பெற்ற கடைகள் தனி ஆட்களிடமிருந்து பழைய பாட்டில்களை வாங்கலாம். நேராக அங்கேயே கொண்டுபோய்க் காட்டுங்கள்.