போஸ்டருக்கு ஸ்லோகன் வேணுமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

நாங்க சிங்கப்பூர்ல யீஷூன்ல இருக்கோம், மக செகண்டரி டூ. தமிழ்மொழி விழாவுக்கு ஸ்கூல்ல ஏ3 சைஸ்ல ஒரு போஸ்டர் கேட்டிருக்காங்க, மத்த பிள்ளைங்களை "கலை மூலமா உங்களை வெளிப்படுத்துங்க"ன்னு ஊக்கப்படுத்தணுமாம். நான் கேன்வாங்கற டிசைன் ஆப்ல வானவில், பிரஷ்லாம் வெச்சு ஒண்ணு செஞ்சு காட்டினேன், வேணாங்கிறா. எங்க காரிடார்ல வாசலுக்கு வாசல் கிடக்கற செருப்பையெல்லாம் பென்சில்ல வரைஞ்சிட்டு இதான் போஸ்டர்ங்கிறா. கலரும் இல்ல, ஸ்லோகனும் இல்ல. போட்டோ அனுப்பியிருக்கேன். நல்ல ஸ்லோகன் ஒண்ணு எழுதித் தருவீங்களா?

ஒரு வாசகி

வணக்கம் மா,

ஸ்லோகன் நான் எழுதித் தரமாட்டேன், கோவிச்சுக்காதீங்க. உன்னை வெளிப்படுத்துன்னு சொல்ற போஸ்டர்ல நான் எழுதின வரி எதுக்கு?

நமக்கு போஸ்டர்னாலே கேம்பெய்ன்தான் ஞாபகம் வருது, 1979ல பண்பா நடந்துக்கச் சொல்லி கர்ட்டசி கேம்பெய்ன் ஆரம்பிச்சாங்க, 1982ல அதுக்குச் சின்னமா சிங்கா சிங்கம் வந்துச்சு, அதையெல்லாம் பாத்து வளர்ந்தவங்க நாம. வரிசையில நில்லு, சிரிச்சுப் பேசுன்னா உடனே செய்யலாம். மனசுல இருக்கறதை வரைன்னு உத்தரவு போட்டா எந்தப் பிள்ளைக்கு வரும்? இன்னொரு பிள்ளை வரைஞ்சதைப் பாத்தாதான் கை துறுதுறுக்கும்.

நீங்க அனுப்புன போட்டோவை ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தேன். பின்பக்கம் மிதிச்சு மடங்கிப்போன ஸ்கூல் ஷூ, அதுக்குப் பக்கத்துல வெளிய கிளம்பத் தயாரா திருப்பி வெச்சிருக்கற ஒரு பெரியவரோட ரப்பர் செருப்பு, அந்த வார்ல ரெண்டு தடவை அழிச்சு வரைஞ்ச தடம்கூட தெரியுது. அந்தத் தடத்தை அழிக்கவே சொல்லாதீங்க மா. கேன்டீன்ல நின்னு பாக்கற பிள்ளைக்கு 'இவளும் அழிச்சுதான் வரைஞ்சிருக்கா, அப்ப நானும் வரையலாம்'னு தோணும் பாருங்க, டீச்சர் கேக்கற ஊக்கம் அதான். பளபளன்னு ரெடிமேடா இருந்தா நமக்கு இதெல்லாம் வராதுன்னு தாண்டிப் போயிடும்.

வானவில் மாதிரி பளிச்சுன்னு இல்லையேன்னு கவலப்படாதீங்க. நம்ம நேஷனல் கேலரி ஓவியக்கூடத்து சேகரிப்புல ஓவியர் ஜார்ஜெட் சென் தன்னையே வரைஞ்ச ஓவியம் ஒண்ணு இருக்கு, 1946 வாக்குல வரைஞ்சது, ரொம்ப சின்ன படம், ஒரு முகம் அவ்வளவுதான், ஆனா அந்தப் பார்வையிலயே இவங்க யாருன்னு தெரிஞ்சிடும். சிங்கப்பூரர்களுக்கும் பிஆர்களுக்கும் (நிரந்தரவாசிகளுக்கும்) பொது அனுமதி இலவசம்தான், ஒரு சனிக்கிழமை கூட்டிட்டுப் போங்க.

ஆனா ஒண்ணு, பென்சில் கோடு தூரத்துல நிக்காது, போஸ்டருக்குப் பெரிய குறை அது. பதினாறு செருப்பையும் ஒரே சைஸ்ல போட்டா கண்ணு எங்கயும் தங்காது, ஒரு ஜோடியைப் பெருசாக்கி கரியிலயோ கறுப்பு மார்க்கர்லயோ அழுத்தி வரையட்டும், மத்ததெல்லாம் பின்னால பென்சில்லயே இருக்கட்டும். அதுக்கு முன்னாடி பஸ், ரயில்ல தட்டற ஈஸி-லிங்க் கார்ட் அளவுல கட்டம் போட்டு நாலஞ்சு விதமா வரைஞ்சு பாக்கச் சொல்லுங்க, அதைக் கையை நீட்டிப் பிடிச்சுப் பாத்தா ஏ3 போஸ்டரை மூணு மீட்டர் தள்ளி நின்னு பாக்கற மாதிரி இருக்கும். அதுல புரிஞ்சா நோட்டீஸ் போர்டுலயும் புரியும்.

எழுத்தை அவ கையாலயே எழுதட்டும். சில டிசைன் சாஃப்ட்வேர்ல தமிழ் ஒழுங்கா உக்காராது, கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போயிடும், நம்ம ஆளுங்க அதைக் கவனிக்காம பிரிண்டும் போட்டுடறாங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும்.

என்ன எழுதறதுன்னா, அவகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: எந்தச் செருப்பை முதல்ல வரைஞ்ச, ஏன்? அவ வாயில வர்ற பதிலை அப்படியே பேச்சுத் தமிழ்லயே போடுங்க, திருத்தாதீங்க. கலர் கட்டாயம்னு டீச்சர் சொல்லிட்டாங்கன்னா ஒரே ஒரு கலர், எந்தச் செருப்புக்குன்னு அவளே முடிவு பண்ணட்டும், நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்காதீங்க, ப்ளீஸ்.