மாடிப்படிக்கு அடியில் பழைய பாய்லர்: சேமிப்பில் கை வைப்பதா, கடன் வாங்குவதா?

கேள்வி: வீட்டைச் சூடாக்கும் எங்கள் எரிவாயு பாய்லருக்கு 26 வயதாகிறது. மாடிப்படிக்கு அடியில் ஆள் திரும்பக்கூட இடமில்லாத அறையில் இருக்கிறது. அதே அறையில்தான் வாஷிங் மெஷின், துணி உலர்த்தும் மெஷின், 11 வருடப் பழைய வாட்டர் ஹீட்டர் எல்லாம். போன குளிர்காலத்தில் இரண்டு முறை நின்றுபோனது. மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம்: பழையது போலவே தரையில் நிற்கும் சாதாரண பாய்லர்; புகையோடு போகும் சூட்டையும் பிடித்துத் தரும், சுவரில் மாட்டும் கண்டன்சிங் பாய்லர்; வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப். இரண்டாவது, முதலாவதைவிட ஒன்றரை மடங்கு. எரிவாயுவில் மிச்சமாகும் பணமே தவணையைக் கட்டிவிடும் என்கிறார் விற்பனையாளர்; வட்டியில்லாத் தவணையும் தருகிறாராம். கணவருக்கு இன்னும் ஒரு வருடம் ரிப்பேர் செய்து ஓட்டலாம் என்று எண்ணம். ஆறு வருடத்தில் வீட்டை விற்கும் யோசனையும் இருக்கிறது. என்ன செய்யலாம்? - ஒரு வாசகி

பதில்: நீங்கள் அனுப்பிய தொகைகளை அப்படியே போடாமல், முதல் கொட்டேஷனை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அந்த அளவில் சொல்கிறேன். அப்போது இரண்டாவது 150, ஹீட் பம்ப் 260. வீட்டைச் சூடாக்க வருடத்துக்கு ஆகும் எரிவாயுச் செலவு 30. உங்கள் குடும்பத்தின் மாதச் செலவு 40, கையிருப்பு 200. அதாவது ஐந்து மாதச் செலவுக்கான பணம் இருக்கிறது. மோசமான நிலைமை இல்லை.

முதலில் விற்பனையாளரின் வாக்கைச் சோதித்துவிடுவோம். உங்கள் பழைய பாய்லரின் செயல்திறன் 70% என்று டெக்னீஷியன் எழுதியிருக்கிறார். சாதாரணப் புது பாய்லர் 82%, கண்டன்சிங் 92% என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சத்தைக் கணக்கிடும்போது 92-லிருந்து 70-ஐக் கழித்து 22% என்று சொல்லக் கூடாது. பழைய திறனைப் புதிய திறனால் வகுத்து, அதை 1-லிருந்து கழிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கண்டன்சிங் பாய்லரில் எரிவாயு சுமார் 24% குறையும், சாதாரணத்தில் சுமார் 15%. உங்கள் 30-இல் இது வருடத்துக்கு 7.2 மற்றும் 4.4. மாதத்துக்குப் பிரித்தால் கண்டன்சிங் பாய்லர் தரும் மிச்சம் 0.6. இரண்டு வருடத் தவணையோ மாதம் 6.25. மிச்சம் தவணையைக் கட்டிவிடும் என்றவர் எந்தக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தாரோ தெரியவில்லை.

இரண்டு பாய்லர்களுக்கும் இடையில் வருடத்துக்கு மிச்சத்தில் வித்தியாசம் 2.8தான். கூடுதலாகக் கொடுக்கும் 50 திரும்பி வரப் பதினெட்டு வருடம் ஆகும். இன்றைய பாய்லர்களின் ஆயுளே 15 முதல் 20 வருடம். இந்தக் கணக்கை மட்டும் வைத்தால் முதல் கொட்டேஷனுக்குச் சரி என்று சொல்லிவிட்டு நான் அடுத்த கடிதத்துக்குப் போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம் உங்கள் மாடிப்படி அறை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, நெருக்கடியான இடத்தில் பாய்லர் மாற்றுவது அந்தக் கதைதான். பழையது வார்ப்பிரும்பாக இருந்தால் பகுதி பகுதியாகப் பிரித்து வெளியே கொண்டுபோகலாம். புதியது அந்தக் கதவு வழியாக முழுசாக உள்ளே போக வேண்டும். பழைய குழாய்களைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பூச்சில் நுரையீரலுக்கு ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சோதிக்காமல் தொடக் கூடாது; இருந்தால் அதை எடுப்பதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வர வேண்டும், அது தனிச் செலவு. உங்கள் முதல் கொட்டேஷனை இரண்டு முறை படித்தேன். சோதனை இல்லை, பழையதை அப்புறப்படுத்துவது இல்லை, புகைபோக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

புகைபோக்கி விஷயத்தில் மூன்று பேருமே கோட்டை விட்டிருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பாய்லர், வாட்டர் ஹீட்டர் இரண்டின் புகையும் ஒரே புகைபோக்கிக்குத்தான் போகிறது. கண்டன்சிங் பாய்லர் தன் புகையைச் சுவர் வழியாகத் தனிக்குழாயில் வெளியே தள்ளிவிடும். அப்புறம் அந்தப் பெரிய புகைபோக்கியில் சின்ன வாட்டர் ஹீட்டர் மட்டும் தனியாக நிற்கும். அதன் புகை மேலே போவதற்குள் குளிர்ந்து, இழுப்பு குறைந்து, ஈரம் உள்சுவரில் படிந்து அரிக்கும். மோசமான நாளில் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். இதைத் தவிர்க்க உள்ளே அளவான உலோகக் குழாய் இறக்க வேண்டும். சாதாரண பாய்லரே போட்டாலும் பழையதைவிட அதன் புகை சூடு குறைந்தது என்பதால் பெரும்பாலும் இதே வேலை வரும். ஆகவே ஒரு பேச்சுக்கு, விட்டுப்போனதையெல்லாம் சேர்த்தால் முதல் கொட்டேஷன் 135 ஆகிறது, இரண்டாவது 165 ஆகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 50 அல்ல, 30. சரியான எண்ணை அவர்களிடமே எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வாட்டர் ஹீட்டருக்கே 11 வயது. வீட்டுச் சூட்டையும் குளியல் வெந்நீரையும் ஒரே பெட்டியில் தரும் காம்பி பாய்லர் போட்டால் ஹீட்டரையும் தூக்கிவிடலாம், புகைபோக்கியை மூடிவிடலாம், அறையில் ஒரு ஆள் நிற்க இடம் கிடைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு குளியலறையில் ஷவர் திறந்தால் தண்ணீர் மெலிந்து வரும் என்பது அதன் குறை. உங்கள் வீட்டில் காலை நேரம் எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும். இதற்கும் ஒரு விலை கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஆறு வருடத்தில் வீட்டை விற்கும் யோசனை. 2.8 வீதம் ஆறு வருடத்தில் கூடுதல் மிச்சம் சுமார் 17. கொடுப்பதோ 30. ஆக, எரிவாயுக் கணக்கில் மட்டும் கண்டன்சிங் பாய்லர் உங்களுக்கு 13 நஷ்டம். வீடு வாங்க வருபவர் புது பாய்லருக்காக இதைத் திருப்பித் தருவார் என்று நான் எழுதித் தரமாட்டேன்.

இருந்தும் அந்த 13-ஐக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். சாதாரண பாய்லர் எரிவதற்கான காற்றை அந்த அறையிலிருந்தே எடுக்கும். அதே அறையில் உங்கள் துணி உலர்த்தும் மெஷின் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு இரண்டும் ஓடினால், மேலே போக வேண்டிய புகையை அது கீழே இழுக்கக்கூடும். அந்தப் புகையில் இருக்கக்கூடிய விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. போதாததற்கு, சலவைக்கு வைத்திருக்கும் பிளீச்சின் ஆவி பாய்லருக்குள் போனால் அதிலுள்ள குளோரின் உள்ளிருக்கும் உலோகத்தை அரித்துவிடும். இப்படி வரும் பழுதுக்கு வாரன்டி கிடையாது என்று தயாரிப்பாளர்கள் வழக்கமாகவே எழுதிவைக்கிறார்கள். சுவரில் மாட்டும் கண்டன்சிங் பாய்லரை, காற்றையும் வெளியிலிருந்தே குழாய் மூலம் எடுக்கும்படி பொருத்தலாம். அறைக்காற்றோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. விசாலமான அறையாக இருந்திருந்தால் முதல் கொட்டேஷனுக்கே என் ஓட்டு.

ஆனால் 92% என்பது பெட்டியோடு ஒட்டிவரும் எண் அல்ல. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி தண்ணீராகி, அந்தச் சூட்டைத் திருப்பித் தரும். தண்ணீரை 80 டிகிரியில் வைத்து ஓட்டினால் விலை உயர்ந்த பாய்லரை வாங்கிச் சாதாரண பாய்லராக ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். எந்த வெப்பநிலையில் அமைத்துக் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். புகையிலிருந்து இப்படி வரும் தண்ணீர் அமிலத்தன்மை உள்ளது. அது வடிய ஒரு குழாய் வேண்டும். வாஷிங் மெஷினின் வடிகால் பக்கத்திலேயே இருப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

அளவையும் கேளுங்கள். மூன்று கொட்டேஷனிலும் பழைய பாய்லரின் கிலோவாட் அப்படியே இருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதியது போலிருக்கிறது. நீங்கள் நான்கு வருடத்துக்கு முன் ஜன்னல்களை மாற்றியதாகச் சொல்கிறீர்கள். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டால் சின்ன பாய்லரே போதும் என்று வரலாம். அளவுக்கு மீறிய பாய்லர் அடிக்கடி அணைந்து அணைந்து எரியும், திறன் குறையும், பாகங்கள் சீக்கிரம் தேயும். சின்னது விலையும் குறைவு.

ஹீட் பம்ப் நல்ல பொருள்தான். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தரும் என்று கொண்டால், 92% திறனுள்ள கண்டன்சிங் பாய்லரோடு ஒப்பிடும்போது, உங்கள் மின்சார யூனிட் விலை எரிவாயு யூனிட் விலையைப்போல சுமார் 3.25 மடங்குக்குக் கீழே இருக்கும்வரை ஓட்டும் செலவில் அது ஜெயிக்கும். நீங்கள் அனுப்பிய பில்களில் அது நான்கு மடங்கு. வெந்நீர்த் தொட்டிக்கும் வீட்டுக்குள் இடம் வேண்டும், அந்த இடம் உங்களிடம் இல்லை. ஆறு வருடக் கணக்கில் இதை விட்டுவிடுங்கள். பெரிய அரசு மானியம் கிடைக்குமானால் மட்டும் மறுபடி பார்க்கலாம். அந்த மானியம் வேலைக்கு முன்பே வருமா, முடிந்த பிறகு வருமா என்பதையும் சேர்த்து.

பணம் எங்கிருந்து? 165-ஐயும் கையிருப்பிலிருந்து கொடுத்தால் மீதம் 35, ஒரு மாதச் செலவுக்குக்கூடக் காணாது. அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் இருவரும் சம்பாதிப்பதால் மூன்று மாதச் செலவான 120-ஐத் தொடாமல் வைத்துவிட்டு, 80-ஐக் கொடுங்கள். மிச்சம் 85-க்குக் கடன். வருடத்துக்கு 8% வட்டியில் மூன்று வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 2.7. உங்கள் மாதச் செலவில் இது தாங்கக்கூடியதே. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் இல்லாத கடனாகப் பாருங்கள். இந்தச் சின்னத் தொகைக்கு வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்குவது எனக்குப் பிடிக்காது. பத்து, பதினைந்து வருடத்துக்கு இழுத்தால் மாதத் தவணை குறைவாகத் தெரியும், மொத்தமாகக் கட்டுவது கூடிவிடும்.

வட்டியில்லாத் தவணை பற்றி. மொத்தமாகப் பணம் கொடுத்தால் 12 தள்ளுபடி என்று அதே காகிதத்தின் கீழே எழுதியிருக்கிறார்களே, கவனித்தீர்களா? அப்படியென்றால் பாய்லரின் உண்மையான விலை 138. தவணையில் 150 கட்டுகிறீர்கள். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக உங்கள் கையில் இருக்கும் கடன் சுமார் 72தான்; அதற்கு இரண்டு வருடத்தில் 12 என்றால் வருட வட்டி 8 சதவீதத்தைத் தாண்டுகிறது. பெயர் மட்டும்தான் வட்டியில்லாத் தவணை. ஒரு தவணை தவறினால் முதல் நாளிலிருந்து வட்டி போடுவோம் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வங்கிக் கடனே மேல்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பம்ப், வால்வு மாதிரியான சின்ன ரிப்பேர் என்றால் ஒரு வருடம் தள்ளலாம். ஆனால் பழைய பாய்லரோடு குப்பைக்குப் போகப்போகும் பாகத்துக்கு 10-க்கு மேல் செலவழிப்பதை நான் ஏற்கமாட்டேன். உள்ளிருக்கும் வார்ப்பில் விரிசலோ கசிவோ தெரிந்தால், அல்லது கார்பன் மோனாக்சைடு அளவு கூடினால், அதற்குமேல் ரிப்பேர் என்ற பேச்சே வேண்டாம். நடுக்குளிரில் நின்றுபோனால் பேரம் பேச நேரமிருக்காது, கைவசம் எது இருக்கிறதோ அதைத்தான் மாட்டுவார்கள். கதவு அளவை யார் அப்போது அளப்பார்கள்? குளிர் தொடங்குவதற்கு முன் வேலை முடிவதே நல்லது.

ஆகவே இந்த வாரமே செய்ய வேண்டியது கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டுவது, ஏற்கெனவே இல்லாவிட்டால். பிளீச் டப்பாக்களை அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டாவது நிறுவனத்தை மறுபடி வரச்சொல்லி, புகைபோக்கி, ஆஸ்பெஸ்டாஸ் சோதனை, பழைய குழாய்களைக் கழுவிச் சுத்தம் செய்வது, அப்புறப்படுத்துவது எல்லாம் சேர்ந்த ஒரே தொகையைக் காம்பியோடும் காம்பி இல்லாமலும் எழுதி வாங்குங்கள். பாய்லருக்கு முன்னால் சர்வீஸுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேடு சொல்கிறதோ, அந்த அளவு உங்கள் அறையில் கிடைக்கிறது என்பதையும் அவர்கள் கையெழுத்தோடு எழுதித் தரட்டும். வாரன்டி தகராறு வந்தால் அந்தக் காகிதம் பேசும். முன்பணமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம். கடைசிப் பத்து சதவீதத்தை, ஓட்டிக்காட்டிய அறிக்கையும் வாரன்டி பதிவுச் சான்றும் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.