சிங்கப்பூரில் மக்களின் அன்றாட நடத்தையை மட்டும் கவனிக்கும் சோதனைக் குறும் ஆவணப்படத்தைத் தனி ஆளாக எடுப்பது எப்படி?

முதலில் விஷயத்தைச் சுருக்குங்கள். ‘உணவங்காடியில் மனிதர்கள்’ என்றால் படம் தேறாது, ஒரே ஒரு செய்கை போதும். நகர ஆய்வாளர் வில்லியம் ஒயிட் 1970களில் நியூயார்க் சதுக்கங்களில் கேமரா வைத்தபோது கவனித்த ஒன்று: உட்காரும் முன் நாற்காலியைச் சும்மாவேனும் சில அங்குலம் நகர்த்துகிறார்கள். அந்த அளவுக்குச் சின்ன செய்கைதான் வேண்டும்.

டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்பதுதான் இங்கே யாருக்கும் முதலில் தோன்றும். என்னைக் கேட்டால், தட்டு திருப்பி வைக்கும் அடுக்கை எடுக்கலாம். 2021 செப்டம்பரிலிருந்து தட்டை மேசையிலேயே விட்டுப்போனால் நடவடிக்கை உண்டு, ஆகவே சாப்பிட்டவர்கள் அங்கே வந்துதான் ஆக வேண்டும். அடுக்கில் ஹலால் தட்டுகளுக்கு ஒரு பக்கம், மற்றவற்றுக்கு ஒரு பக்கம். தட்டோடு வருபவர் பலகையைப் பார்ப்பார், முன்னால் போனவர் எங்கே வைத்தார் என்று பார்ப்பார், அப்புறம்தான் கை நீளும். அந்த ஒரு நொடித் தயக்கம் போதும் படத்துக்கு.

கேமராவை முக்காலியில், உட்கார்ந்தவர் கண் உயரத்தில் வையுங்கள். நாலைந்து மீட்டர் தூரம், 50 மி.மீ. லென்ஸ். ஜூம் போட்டுத் தூரத்திலிருந்து எடுத்தால் வேவு பார்த்ததுபோல் தெரியும். ஒளிக்கவும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து தே குடியுங்கள், திரையை மட்டும் உற்றுப் பார்க்காதீர்கள். சற்று நேரத்தில் கேமராவை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். முதல் அரைமணிக் காட்சி பெரும்பாலும் தேறாது.

இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். போனில் வழக்கமாக இருக்கும் 30 ஃப்ரேமில், விளக்கொளியில் பட்டை பட்டையாக ஓடலாம். 4கே தரத்தில், 100 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிந்தால் மணிக்கு 45 ஜிபி இடம் பிடிக்கும். எம்ஆர்டி ரயிலின் ஏசியிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். பையைத் திறக்காமல் இருபது நிமிடம் விடுங்கள்.

பலர் கோட்டை விடுவது ஒலியில். மேலே விசிறி, பின்னால் புகைபோக்கி. ரெக்கார்டரை விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள், மைக்குக்குப் பஞ்சுறை போடுங்கள். சூழல் ஒலியைத் தனியாக ஐந்து நிமிடம் எடுத்து வையுங்கள். வெட்டுகளை மறைக்க அதுதான் கைகொடுக்கும்.

எடிட்டிங்குக்கு முன்பே ஒரு விதி வேண்டும். உதாரணமாக, ஆள் சட்டகத்துக்குள் வரும்போது ஷாட் தொடங்கும், போனதும் முடியும். விதி இல்லாவிட்டால் அது வெறும் சிசிடிவி பதிவு. நேர வரிசையை மாற்றாதீர்கள். தயங்கியவர்களை மட்டும் பொறுக்கி அடுக்கினால் கேலிப்படமாகிவிடும். தயங்காமல் வைத்துவிட்டுப் போனவர்களும் இருக்கட்டும். இசை, ஸ்லோமோஷன் வேண்டாம்.

உணவங்காடியில் முக்காலி விரிக்கும் முன் நிர்வாகத்திடம் கேளுங்கள். எம்ஆர்டி நிலையமென்றால் அதை நடத்தும் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். யாராவது ‘அழிச்சிடுங்க தம்பி’ என்றால் வாதாடாமல் அழித்துவிடுங்கள். பொதுத் திரையிடலுக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வகைப்பாடு தேவை. தேதி குறிக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.