வாசகர் கேள்வி–பதில்: ரொக்கெட் குழாய்க்குப் பைபர் இணைப்பு

கேள்வி: 54 மி.மீ. உள்விட்டக் குழாயில் ரொக்கெட் கட்டுகிறோம். இரண்டு துண்டுக்குள்ளும் நுழைத்துப் பொருத்திய மட்டை இணைப்பு, வேகமெடுத்ததும் மடிந்துவிட்டது. கண்ணாடித் துணியில் நாங்களே செய்யலாமா? எத்தனை படை போட வேண்டும்?
– வாசகர், ஒலுவில்

பதில்: செய்யலாம். ஆனால் படையை விட முக்கியம் பொருத்தம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். விநாடிக்கு 170 மீற்றரில் சுமார் 17 கிலோபஸ்கல். 340 மீற்றரில் 68. இணைப்பில் அரை மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தாலும் மேல்துண்டு மூன்றிலொரு பாகை சரியும். சரிந்த பக்கத்தைக் காற்று மேலும் தள்ளும். மடிவது அங்கேதான் தொடங்குகிறது.

நீளம் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது ஒரு விட்டம். உங்கள் வேகத்துக்கு ஒன்றரை விட்டம், அதாவது 80 மி.மீ. வையுங்கள். மொத்தம் 160, ஓரம் வெட்டக் கூட்டி 190.

அச்சுக்கு அதே குழாயில் மிஞ்சிய 200 மி.மீ. துண்டு போதும். இரும்பு வாளால் ஒரு பக்கச் சுவர் முழுதும் அறும்படி நெடுக ஒரு கீறல் போடுங்கள். கீறல் மூடினால் விட்டம் குறைந்துவிடும். வாள் தின்ற அளவுக்கு மட்டைக் கீலத்தை இடையில் வைத்து, வெளியே இறுக்கமாக டேப் சுற்றுங்கள். உள்ளே மெழுகு பூசிய ஓஎச்பி தாளை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) விளிம்போடு விளிம்பு முட்டும்படி விரியுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் இணைப்பில் பள்ளம் விழும். தாளின் 0.1 மி.மீ. தடிப்புத்தான் நமக்கு வேண்டிய இடைவெளி. வெளிப்பக்கம் அச்சிலேயே உருவாவதால் தேய்த்துத் தேய்த்து அளவு பார்க்கும் வேலை இல்லை.

சதுர மீற்றருக்கு 200 கிராம் நெய்த துணி, 190 மி.மீ. அகலம், 1.35 மீற்றர் நீளம். இது எட்டுப் படை, ஏறக்குறைய 2 மி.மீ. தடிப்புத் தரும். நெசவின் ஒரு நூல் குழாயின் நீளத்தோடு நேராக ஓட வேண்டும். வளைவைத் தாங்குவது அந்த நூல்தான். சரித்து வெட்டிய துணி முறுக்கைத் தாங்கும், வளைவுக்கு உதவாது. துணி சுமார் 51 கிராம். எப்பொக்சி ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும் சேர்த்து 65 கிராம் கலந்தால் வீணாவதற்கும் சேர்த்துச் சரி. தராசில் நிறுத்துக் கலக்குங்கள். ஹார்ட்னர் கூடினால் வேகமாக இறுகும் என்பது பொலியெஸ்டர் ரெசினின் பழக்கம். எப்பொக்சி அப்படியல்ல, விகிதம் பிழைத்தால் இறுகாமல் மெத்தென்றே கிடக்கும்.

சைக்கிள் டியூபை வால்வு ஒரு முனையருகே வரும்படி வெட்டி, இரு முனையையும் இறுகக் கட்டிப் பொலித்தீன் சுற்றுங்கள். துணியைப் பலகையில் நனைத்து, மிஞ்சிய ரெசினை வழித்தெடுத்து, டியூபின்மேல் சுருட்டி அச்சுக்குள் செலுத்திக் காற்றடியுங்கள். சுருள் அச்சை விட 2, 3 மி.மீ. மட்டுமே சிறிதாக இருக்கட்டும். அதைவிடச் சிறிதானால் படைகள் வழுக்கி விரியாமல் நடுவில் பொந்து விடும். நிழலில் 24 மணித்தியாலம் விட்டு, டேப்பை அவிழ்த்து அச்சை விரித்தால் இணைப்பு கழன்று வரும்.

அறைச் சூட்டில் இறுகிய எப்பொக்சி பெரும்பாலும் 50, 60 பாகையில் இளகத் தொடங்கும். நம் பக்கத்து மதிய வெயிலில் கறுப்புக் குழாய் அந்தச் சூட்டை எட்டக் கூடியது. ஆகவே இளகும் சூட்டை உயர்த்த, 60 பாகையில் நாலைந்து மணித்தியாலம் சூடேற்றிய பிறகே பாவியுங்கள். மாரிக்காலத்தில் மேற்பரப்பில் மெழுகுபோல ஒரு பிசுக்குப் படியும். அதன்மேல் பூசும் பசை ஒட்டாது. முதலில் தண்ணீரும் தேய்ப்பானும், பிறகே 80ஆம் இலக்க சான்ட் பேப்பர். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கை உள்ளே தேய்த்தது போலாகும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

கேள்வி: வாழைச்சேனையில் போட் திருத்தும் ரெசினும் மெட்டும் (வெட்டிய கண்ணாடி நாரைப் பசையால் ஒட்டிய விரிப்பு) மலிவாகக் கிடைக்கின்றன. போதாதா?
– வாசகி, ஓட்டமாவடி

பதில்: வள்ளத்துக்கு நல்லது, இதற்கு வேண்டாம். போட் ரெசின் என்பது பொலியெஸ்டர். அது இறுகும்போது கன அளவில் 5 முதல் 8 வீதம் சுருங்கும், பொருத்தம் கெட்டுவிடும். மெட்டில் நூல்கள் எல்லாத் திசையிலும் கிடப்பதால், வளைவைத் தாங்குபவை அவற்றில் ஒரு பங்குதான். மெட்டை வைத்து எப்பொக்சி ஊற்றுவதும் சரிவராது: நாரைப் பிடித்திருக்கும் பசை, பொலியெஸ்டரிலுள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்காகவே செய்யப்பட்டது.

பொலியெஸ்டரை வேறு வேலைக்குப் பாவிப்போருக்கும் ஒன்று: இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் பெரொக்சைட் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை விட வேண்டும்.

கேள்வி: கல்லடிக் கடற்கரையில் ஏவலாமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: வேண்டாம். ஆட்கள் நடமாடும் கரை, கரைவலை இழுக்கும் இடம், விமான நிலையமும் தூரமில்லை. சிவில் விமானத் துறை அதிகாரிகளின் எழுத்து அனுமதியோடு, ஆளில்லாத இடத்தில் மட்டும். எரிபொருள் தயாரிக்கும் முறையை இப்பகுதியில் எழுதமாட்டோம்.

கேள்வி: இணைப்பு உடையவில்லை. ஆனால் மேலே போகும்போதே இரண்டு துண்டும் கழன்றன. ஏன்?
– வாசகர், கல்முனை

பதில்: குழாய்க்குள் அடைபட்ட காற்றுத்தான் காரணம். ஒரு கிலோமீற்றர் உயரத்தில் வெளி அழுத்தம் சுமார் 11 கிலோபஸ்கல் குறையும். 54 மி.மீ. குழாயில் அது ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எடையின் தள்ளுதல். பரசூட் இருக்கும் குழாயில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மூக்குக்கு அருகே வேண்டாம். இணைப்பை 2 மி.மீ. நைலோன் திருகாணி இரண்டால் பிடியுங்கள். பரசூட்டைத் தள்ளும் விசையில் அவை அறுந்துவிட வேண்டும். எனவே உலோகத் திருகாணி போடக் கூடாது. அறுகிறதா என்பதை நிலத்தில் வைத்தே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.