ஷாவோலின் சாக்கர் கடல் கடந்த கதை: கேள்வி பதில்

ஸ்டீபன் சௌ இயக்கி நடித்த ‘ஷாவோலின் சாக்கர்’ 2001 ஜூலையில் ஹாங்காங்கில் வெளிவந்தது. சொந்த ஊரில் வசூலை அள்ளிய இந்தப் படம் அமெரிக்காவில் மட்டும் ஏன் வந்த சுவடே தெரியாமல் போனது? இதைச் சுற்றி வந்த கேள்விகளை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். ஹாங்காங் படங்களை வெகுகாலமாகத் தேடித் தேடிப் பார்க்கிறவன் நான். இந்தப் படத்தைப் பற்றி எத்தனை தடவை பேசச் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கேள்வி: சார், நான் படமே பார்க்கவில்லை. கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பங் ஒரு காலத்தில் ‘தங்கக் கால்’ என்று பேர் வாங்கிய கால்பந்து வீரர். பணத்துக்கு ஆசைப்பட்டு ஒரு பெனால்டியைக் கோட்டை விடுகிறார், அதோடு கால் போகிறது, வாழ்க்கையும் போகிறது. பல வருஷம் கழித்து, குப்பை பொறுக்கிப் பிழைக்கும் சிங் என்ற ஷாவோலின் (குங்ஃபூவுக்குப் பேர் போன சீனப் புத்த மடம்) சீடனைச் சந்திக்கிறார். குங்ஃபூவின் அருமையை உலகத்துக்கு எப்படியாவது புரியவைக்க வேண்டும் என்பதுதான் சிங்குக்கு ஒரே கனவு. பேச்சுவாக்கில் அவன் ஒரு பீர் டப்பாவை உதைக்கிறான், அது வானத்தில் போய் மறைகிறது. அந்த டப்பா தூரத்தில் ஒரு சுவரில் பதிந்து கிடப்பதைப் பங் பிறகு பார்க்கிறார். அந்த இடத்தில்தான் அவருக்குப் பொறி தட்டுகிறது. சிங்கின் ஐந்து சகோதர சீடர்களையும் திரட்டிக் கால்பந்து அணி ஒன்றை உருவாக்குகிறார்கள். எதிரில் நிற்பது, பங்கைக் கெடுத்த அதே ஆள் நடத்தும் ‘தீய அணி’.

கேள்வி: ஹாங்காங்கில் நிஜமாகவே அவ்வளவு பெரிய வெற்றியா, இல்லை ரசிகர்கள் ஊதிப் பெரிதாக்கியதா?

நிஜமான வெற்றி. ஹாங்காங்கில் மட்டும் 6 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் வசூல். அதுவரை வந்த ஹாங்காங் படங்களிலேயே அதுதான் உச்சம். அதை முறியடித்ததும் சௌவின் அடுத்த படமான ‘குங்ஃபூ ஹசில்’ தான். 2002இல் நடந்த 21ஆவது ஹாங்காங் திரைப்பட விருது விழாவில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் மூன்றும் இதற்கே. ‘இரும்புத் தலை’ மூத்த சகோதரனாக நடித்த வோங் யாட்-ஃபெய்க்குச் சிறந்த துணை நடிகர் விருது. நகைச்சுவைப் படம் என்றாலே விருதுக் குழுக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அதை மீறி வந்த விருதுகள் இவை.

கேள்வி: அப்படி இருக்க, அமெரிக்காவில் என்னதான் நடந்தது?

இதைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

2000இல் ‘க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ சப்டைட்டிலோடு அமெரிக்காவில் ஓடி 12 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. உடனே அங்கிருந்த நிறுவனங்கள் ஆசியச் சண்டைப் படங்களின் உரிமையை வாங்க ஓடின. ‘ஷாவோலின் சாக்கர்’ மிராமாக்ஸ் என்ற அமெரிக்கப் பட நிறுவனத்தின் கைக்குப் போனது அந்த ஓட்டத்தில்தான்.

வாங்கியவர்கள் அப்படியே வெளியிட்டிருந்தால் கதை வேறு. ஆங்கிலத்தில் டப்பிங் செய்தார்கள். சிங்குக்கு சௌவே குரல் கொடுத்தார், நாயகி முய்க்கு நடிகை பாய் லிங் கொடுத்தார். அப்புறம் கத்தரியை எடுத்தார்கள். ஹாங்காங் தியேட்டரில் 102 நிமிடம் ஓடிய படம். நீட்டித்த பதிப்பு 112 நிமிடம். அமெரிக்கப் பதிப்பு 90 நிமிடத்துக்கும் கீழே போய்விட்டது. வெட்டிய பிறகாவது விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. தேதி குறிப்பார்கள், தள்ளிப்போடுவார்கள், மறுபடி குறிப்பார்கள். படம் பெட்டிக்குள்ளேயே தூங்கியது. கடைசியில் 2004 ஏப்ரல் 2ஆம் தேதி வந்தது. டப்பிங்கைத் தியேட்டருக்கு அனுப்பாமல், மூல மொழியான கான்டனீஸ் ஒலியும் சப்டைட்டிலுமாகவே விட்டார்கள். அதற்கு ஏன் அத்தனை காலம் காக்க வைத்தார்கள்? பத்துத் தியேட்டர்கூட இல்லாமல் தொடங்கி, பெரிதாக எங்கும் பரவாமல் போனது. மொத்த அமெரிக்க வசூல் 5 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை.

இதைப் படத்தின் தோல்வி என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது ஆறாது. அந்தப் படத்துக்கு அமெரிக்காவில் வாய்ப்பே கொடுக்கப்படவில்லை என்பதுதான் என் தீர்மானமான கருத்து.

கேள்வி: விநியோகஸ்தர் பக்கமும் ஒரு நியாயம் இருக்காதா? காசு போட்டு வாங்கியவன் வேண்டுமென்றே கெடுப்பானா? (நான் சின்ன அளவில் விநியோகம் செய்தவன்.)

நல்ல கேள்வி. உங்கள் அனுபவத்திலிருந்து வருகிறது என்று தெரிகிறது. அவர்களுக்கு ஒரு முன்மாதிரி இருந்தது. ஜாக்கி சானின் ‘ரம்பிள் இன் தி பிராங்ஸ்’ படத்தை 1996இல் நியூ லைன் நிறுவனம் வெட்டி, டப்பிங் செய்து, நாடு முழுக்க வெளியிட்டது. முதல் வாரமே முதலிடம், மொத்தம் 3 கோடி டாலருக்கு மேல் வசூல். ‘வெட்டு, டப்பிங் பண்ணு, ஓடும்’ என்ற கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் ஜாக்கியின் படத்தில் ரசிகன் காத்திருப்பது அவர் அடுத்து எங்கிருந்து குதிக்கப்போகிறார் என்பதற்காக. நடுவில் இரண்டு பேச்சுக் காட்சி போனாலும் அந்தக் குதிப்பு அப்படியே இருக்கும். சௌவின் நகைச்சுவை அப்படிக் கட்டப்பட்டதல்ல. அவர் ஒரு சின்ன விஷயத்தை முன்னால் போட்டு வைப்பார், அரை மணி நேரம் கழித்து எடுப்பார். சிங்கின் கிழிந்த காலணியை முய் தைத்துக் கொடுக்கிறாள் அல்லவா? அந்தத் தையல் படம் முழுக்க வேலை செய்கிறது. இப்படிப்பட்ட படத்தில் எந்த ஐந்து நிமிடத்தை எடுத்தாலும் வேறெங்கோ ஒரு சிரிப்போ கண்ணீரோ விழாமல் போகும்.

இன்னொன்று, செலவுக் கணக்கு. அது ஃபிலிம் பிரதிகளின் காலம். ஒரு பிரதி போடவே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும், விளம்பரச் செலவு அதைவிடப் பல மடங்கு. அதனால் சில நகரங்களில் தொடங்கி, வாய்மொழியாகப் பேச்சு பரவப் பரவத் தியேட்டரைக் கூட்டுவது வழக்கம். தவறான முறையும் இல்லை. ஆனால் பேச்சு பரவ வேண்டுமானால், முதலில் வந்து பார்க்கும் தீவிர ரசிகர் கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டம் கிட்டத்தட்ட மூன்று வருஷக் காத்திருப்பில் என்ன செய்திருக்கும்? ஹாங்காங்கிலிருந்து விசிடியோ டிவிடியோ வரவழைத்துப் பார்த்து முடித்திருக்கும். நிறுவனத் தரப்போ, அப்படி இறக்குமதித் தட்டுகளை விற்றவர்களை வக்கீல் கடிதம் மூலம் தடுக்கப் பார்த்தது. உரிமை அவர்களிடம் இருந்தது, சட்டப்படி சரி. ஆனால் படத்தை முதலில் நேசித்தவர்களையே பகைத்துக்கொண்டால் டிக்கெட் வாங்க யார் வருவார்கள்?

கேள்வி: மிராமாக்ஸ் எல்லாப் படத்தையும் இப்படித்தான் செய்ததா?

வெட்டுவதில் பேர் போன நிறுவனம். மியாசாகி இயக்கிய ஜப்பானிய அனிமேஷன் படம் ‘பிரின்சஸ் மோனோனோகே’ அமெரிக்கா போனபோது, அவருடைய தயாரிப்பாளர் ஒரு ஜப்பானிய வாளைக் கொடுத்து ‘வெட்டு கூடாது’ என்று தெரிவித்த கதை பிரசித்தம். அந்தப் படம் வெட்டில்லாமல் வந்தது.

ஜெட் லி நடித்த ‘ஹீரோ’வையும் மிராமாக்ஸ் வெகுநாள் அடைத்துத்தான் வைத்திருந்தது. 2004 ஆகஸ்டில் சப்டைட்டிலோடு, பெரிய அளவில் விட்டார்கள். முதல் வாரமே அமெரிக்காவில் முதலிடம். ‘ஷாவோலின் சாக்கர்’ வந்துபோய் ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

கேள்வி: ஜப்பானில் ஓடியதா?

பிரமாதமாக ஓடியது. 2002 கோடையில், கொரியாவும் ஜப்பானும் சேர்ந்து உலகக் கோப்பையை நடத்திய நேரத்தில் படத்தை இறக்கினார்கள். நாடே கால்பந்துப் பைத்தியம் பிடித்துக் கிடந்த சமயம். இதைவிட நல்ல முகூர்த்தம் யாருக்குக் கிடைக்கும்? சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான புளூ ரிப்பன் விருதும் அங்கே கிடைத்தது. அந்த அன்பு பல வருஷம் நீடித்ததால்தான் 2008இல் ‘ஷாவோலின் கேர்ள்’ என்று ஒரு ஜப்பானியப் படமே வந்தது. அதன் தயாரிப்பில் சௌவுக்கும் பங்கு உண்டு.

கேள்வி: இத்தாலியில் நிஜக் கால்பந்து வீரர்கள் டப்பிங் பேசினார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா அண்ணா?

உண்மைதான் தம்பி. இந்தப் படத்தின் வெளிநாட்டுப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். ரோமா, லாட்சியோ என்று ஒரே நகரத்தின் இரண்டு பரம எதிரிக் கிளப்புகளிலிருந்து வீரர்களைக் கூட்டிவந்து குரல் கொடுக்க வைத்தார்கள். ரோமாவின் தோமாசி, லாட்சியோவின் மிகாய்லோவிச், கோல்கீப்பர் பெருட்சி எல்லாரும் அதில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் முட்டிக்கொள்கிறவர்கள் இங்கே ஒரே அணியின் சகோதரர்களாகப் பேசுகிறார்கள்.

டப்பிங் என்றாலே எனக்குக் கொஞ்சம் முகம் சுளிக்கும். ஆனால் இது வேறு வகை. இத்தாலியில் வெளிநாட்டுப் படம் என்றால் டப்பிங்கில் பார்ப்பதுதான் காலங்காலமான பழக்கம். அந்தப் பழக்கத்துக்குள் நின்று, உள்ளூர் ரசிகன் எதன்மேல் உயிரை வைத்திருக்கிறானோ அதோடு படத்தைக் கோர்த்துவிட்டார்கள். அந்த வீரர்கள் தேர்ந்த குரல் கலைஞர்கள் இல்லை, உச்சரிப்பில் தடுமாற்றம் இருக்கத்தான் செய்யும். படத்தில் வரும் அணியும் தடுமாறிக் கற்றுக்கொள்ளும் அணிதானே, பொருந்தியது. அமெரிக்க டப்பிங்குக்கும் இதற்கும் உள்ள தூரம் மனநிலையில் இருக்கிறது. ஒருவர் தன் ஊர் ரசிகனுக்கு விருந்து வைக்க நினைத்தார், இன்னொருவர் ரசிகனுக்கு ஜீரணமாகாதோ என்று பயந்தார்.

கேள்வி: சீனாவில் தடை செய்யப்பட்ட படம் என்கிறார்களே?

சீனப் பெருநிலத்தில் அப்போது முறையாகத் திரையிடப்படவில்லை. அங்குள்ள அதிகாரிகளின் அனுமதி வருமுன்பே ஹாங்காங்கில் வெளியிட்டதுதான் பிரச்சினையின் மையம். பெயரில் ‘ஷாவோலின்’ இருந்ததும் உறுத்தியது. ஆனாலும் தட்டுகள் வழியாகப் பார்க்காதவர்கள் அங்கே குறைவு.

கேள்வி: ஷாவோலின் என்றாலே நம் போதிதர்மர் நினைவுக்கு வருகிறார். படத்தில் காஞ்சிபுரம் பற்றி ஏதாவது உண்டா?

இல்லை, படம் அந்தப் பக்கமே போகவில்லை. போதிதர்மர் தென்னிந்திய அரசகுமாரர் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அதைவிடப் பழையதாகக் கருதப்படும் 6ஆம் நூற்றாண்டுக் குறிப்பு அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. ஷாவோலின் சண்டைக்கலையோடு அவரை இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. காஞ்சித் தொடர்பில் நமக்குப் பெருமை இருப்பது இயல்பு. அந்தப் பெருமையை இந்தப் படத்தின்மேல் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: நடிகர்கள் எல்லாரும் குங்ஃபூ கற்றவர்களா?

பெரும்பாலும் இல்லை. ‘இரும்புச் சட்டை’யாக வரும் டின் கை-மான் தயாரிப்பு நிர்வாகத்தில் இருந்தவர். பருத்த உடம்போடு பறக்கும் கடைசித் தம்பி லாம் சீ-சுங் கதை வசனம் எழுதுகிறவர். கோல்கீப்பராக வரும் டேனி சான் அச்சு அசல் புரூஸ் லீ ஜாடை. மஞ்சள் உடையை மாட்டிக்கொண்டு நிற்கும்போதே தியேட்டர் அதிரும். 2008இல் வந்த புரூஸ் லீ வாழ்க்கைத் தொடரில் அவரே புரூஸ் லீயாக நடித்தார். சண்டை அமைப்பு சிங் சியு-துங், கணினி வரைகலை சென்ட்ரோ நிறுவனம். பந்து புலியாக மாறிப் பாயும் அளவுக்கு ஹாங்காங் படம் ஒன்று அன்று துணிந்தது பெரிய விஷயம்.

எனக்குப் பிடித்தது என்னவோ வரைகலை அதிகம் இல்லாத காட்சி. ரௌடிகளோடு முதல் ஆட்டம். அடிவாங்கி அடிவாங்கி, மைதானம் திடீரென்று போர்க்களமாகிறது. குண்டு விழுவதுபோல மண் தெறிக்கிறது, ஒருவன் தவழ்கிறான். அவமானத்தின் அடிமட்டத்துக்குப் போன பிறகு, ஒவ்வொரு சகோதரனுக்கும் மறந்துபோன கலை உடம்பில் திரும்பி வருகிறது. சிரித்துக்கொண்டே இருந்தவனுக்குத் தொண்டை அடைக்கும்.

கேள்வி: ‘குங்ஃபூ ஹசில்’ மட்டும் அமெரிக்காவில் எப்படி ஓடியது?

அதை எடுத்தது சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ். 2005 ஏப்ரலில் சில தியேட்டர்களில் தொடங்கி, இரண்டே வாரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தியேட்டர்களுக்குக் கொண்டுபோனார்கள். சப்டைட்டில்தான். 1 கோடியே 70 லட்சம் டாலர் அளவுக்கு வசூல். அந்த வருஷம் அங்கே ஓடிய வேற்றுமொழிப் படங்களில் அதுவே முதலிடம். சௌவின் நகைச்சுவை அமெரிக்கர்களுக்குப் புரியாது என்ற வாதம் அதோடு அடிபட்டுப் போனது.

கேள்வி: சரி, இப்போது பார்க்க நினைப்பவர்கள் எந்தப் பதிப்பைத் தேட வேண்டும்?

ஓடும் நேரத்தை முதலில் பாருங்கள். 90 நிமிடத்துக்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள், அது கத்தரிக்கப்பட்டது. 102 அல்லது 112 நிமிடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மிராமாக்ஸ் வெளியிட்ட டிவிடியில் இரண்டு பதிப்பும் இருக்கும், மெனுவில் மூலப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒலி கான்டனீஸாக இருக்கட்டும். பங்காக வரும் இங் மான்-டாட் 2021 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். சௌவும் அவரும் மாறி மாறிப் பேசும் வேகத்தை அவர்கள் குரலிலேயே கேட்க வேண்டும். நாயகி முய், ‘தை-சி’ என்ற சீனத் தற்காப்புக் கலையின் அசைவுகளோடு மாவு பிசைந்து பன் செய்யும் காட்சி முழுதாக வருகிறதா என்றும் பாருங்கள்.