"வெறும்" என்ற சொல்

கேள்வி: ஜப்பான் அரசின் கடன் அந்நாட்டின் மொத்த உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மத்திய, மாநில அரசுகளைச் சேர்த்தாலும் நம் கடன் வெறும் 80 சதவீத அளவுதான். பிறகு ஏன் வட்டிச் சுமை என்று ஓயாமல் எழுதுகிறீர்கள்?
- பல்லடம் வாசகர்

பதில்: "வெறும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லோடுதான் எனக்குத் தீராத பகை. நம் கொங்கு நாட்டில் எத்தனையோ குடும்பங்களைக் கடனில் இறக்கிய சொல் அது. "வெறும் இரண்டு வட்டிதானுங்க" என்பார் தரகர். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம். இருபத்து நான்கு என்றால் கேட்பவர் எழுந்து போய்விடுவார் என்று தரகருக்குத் தெரியும்.

சோமனூரில் விசைத்தறி ஓட்டும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் புரோநோட்டு எழுதிக் கொடுத்து இரண்டு வட்டிக்கு 1 லட்சம் வாங்கியிருக்கிறார். மற்றவருக்கு வங்கியில் 8 சதவீதத்தில் 3 லட்சம் கடன். மாத வட்டி இருவருக்கும் அதே 2,000 ரூபாய்தான். கூலி குறைகிற மாதத்தில் இருவர் வீட்டிலும் ஒரே தவிப்பு.

ஜப்பான் அந்த மூன்று லட்சக்காரர். அங்கே விலைவாசி பல்லாண்டு அசையாமல் கிடந்தது. அரசுப் பத்திரங்களில் ஏறத்தாழ பாதியை அவர்களுடைய மத்திய வங்கியே வாங்கி வைத்திருக்கிறது. 2016 முதல் 2024 மார்ச் வரை அந்த வங்கியின் வட்டி விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே இருந்தது. அதனால் மலைபோல் கடன் இருந்தும் 2025ஆம் நிதியாண்டுக்கான பட்ஜெட்டில் வட்டிக்கு ஒதுக்கியது சுமார் 10.5 லட்சம் கோடி யென். மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நம் மத்திய அரசின் 2025-26 பட்ஜெட்டில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி ரூபாய். மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. நூறு ரூபாய் செலவில் இருபத்தைந்து ரூபாய் வட்டிக்கே போகிறது. மாநிலங்கள் கட்டும் வட்டி தனி. நம் அரசு பத்தாண்டுப் பத்திரத்துக்கு ஆறரை, ஏழு சதவீதம் தந்து கடன் வாங்குகிறது.

அந்த வட்டியில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போவதில்லை. வங்கி, எல்ஐசி, வருங்கால வைப்பு நிதி வழியாக நம்மவர் சேமிப்புக்கே திரும்புகிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் அவிநாசிப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட அந்தப் பணம் மிஞ்சாது. ஜப்பானிலும் இப்போது வட்டி ஏறுகிறது. மூன்று லட்சக்காரருக்கும் தூக்கம் கெடத் தொடங்கிவிட்டது.

வட்டி என்றால் சங்கப் பாடல்களில் ஓலைக்கூடை. மீனைக் கொட்டிவிட்டு, அதே வட்டி நிறையப் பயறு வாங்கிப் போவாள் பாண்மகள். கொண்டுவந்ததும் கொண்டுபோனதும் இருவர் கண்ணுக்கும் தெரியும். இன்றைய வட்டியிலும் அந்த வெளிச்சம் வேண்டும் என்பதற்காகத்தான், "இரண்டு வட்டி" என்று வரும் நிதி நிறுவன விளம்பரங்களை நான் திருப்பி அனுப்புகிறேன். கரூர் நண்பர் ஒருவர் இதற்காகவே என்னோடு பேச்சை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கே அச்சிடுகிறேன்; அவருக்கும் இதுதான் பதில்.